வயிற்றில் குழந்தை இருப்பதாக மனநோயாளி நம்பினால்: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிற ஒருவரோ, இதுவரை எந்த நோயும் இல்லாதவரோ, கர்ப்பமே இல்லாதபோது கர்ப்பம் என்று அடித்துச் சொல்லத் தொடங்கினால் வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம். இதையெல்லாம் தேடிப் படிப்பது பெரும்பாலும் அம்மாவோ அக்காவோ கணவரோதான். அதனால் அவர்கள் கேட்கிற மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

மூன்று தடவை டெஸ்ட் எடுத்தாச்சு, மூன்றிலும் இல்லை என்றுதான் வந்தது. அப்படியும் ஏன் நம்ப மாட்டேன் என்கிறாள்?

டெஸ்டைப் பார்த்து அந்த நம்பிக்கை வரவில்லை. அதனால் டெஸ்டைக் காட்டி அதைப் போக்கவும் முடிவதில்லை. மருத்துவர்கள் இதை டெலூஷன் என்பார்கள், தமிழில் மருட்சி என்றும் பிறழ்நம்பிக்கை என்றும் எழுதுகிறார்கள். எதிரான ஆதாரம் வர வர நம்பிக்கை தளராது, அதைக் காப்பாற்றும் விளக்கங்கள்தான் கூடும். கார்டில் ஒரு கோடுதான் விழுந்தது என்றால் "கார்டு பழசு" என்பார். ஸ்கேனில் தெரியவில்லை என்றால் "குழந்தை முதுகுப் பக்கம் ஒளிஞ்சிருக்கு" என்பார். பத்து மாதம் தாண்டிவிட்டதே என்று கேட்டால், "காந்தாரி ரெண்டு வருஷம் சுமக்கலையா?" என்று பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்டுச் சிரிப்பு வந்தாலும் சிரித்துவிடாதீர்கள்.

இது பிடிவாதம் இல்லை, நடிப்பும் இல்லை. டிகிரி படித்தவர்களுக்கும் வரும், ஏற்கெனவே இரண்டு மூன்று பிரசவம் பார்த்தவர்களுக்கும் வரும். மற்ற விஷயங்களில் கணக்காகப் பேசுகிற ஒருவர் இந்த ஒன்றில் மட்டும் இப்படி இருக்கிறாரே என்று வீட்டார் குழம்பிப் போவதும் சகஜம்தான்.

எதிர் வீட்டு ஆயா இதைப் பொய்க் கர்ப்பம் என்கிறார். அதுதானா இது?

பக்கத்துப் பக்கத்து விஷயங்கள், ஆனால் ஒன்றே அல்ல. பொய்க் கர்ப்பத்தில் உடம்பே கர்ப்பிணியின் உடம்பு மாதிரி நடந்துகொள்ளும். மாதவிலக்கு நிற்கும், மார்பு கனக்கும், சில சமயம் பால் கூட வரும், வயிறு பெருக்கும், வாந்தி வரும், குழந்தை அசைவதை உணர்வதாகச் சொல்வார்கள், நாள் நெருங்கினால் வலியும் எடுக்கும். மனநோய் என்று சொல்ல வேறு அறிகுறி எதுவும் இருக்காது. பொறுமையாக ஸ்கேனைக் காட்டி விளக்கினால் அவர்களில் பலர் அழுதுவிட்டு ஏற்றுக்கொள்வார்கள்.

மருட்சியில் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லாமலே நம்பிக்கை மட்டும் கெட்டியாக நிற்கலாம். ஸ்கேன் காட்டினாலும் அசையாது. கூடவே வேறு அறிகுறிகளும் தெரியும். காதில் குரல் கேட்பது, யாரோ விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகம், இரவெல்லாம் தூக்கமில்லாமை, குளிப்பதையும் சாப்பிடுவதையும் விட்டுவிடுவது என்று எதுவாகவும் இருக்கலாம். நம்பிக்கையின் உள்ளடக்கமே சில சமயம் விசித்திரமாக இருக்கும். சாமி கொடுத்த குழந்தை, தொடாமலே வந்த குழந்தை, வயிற்றில் ஏழு குழந்தைகள் என்று கேள்விப்படலாம்.

நிஜத்தில் இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது எப்போதும் சுலபமில்லை. இங்கிலாந்து ராணி முதலாம் மேரியின் கதை இதற்குப் பேர்போன உதாரணம். 1554-இல் அவர் கர்ப்பம் என்று அறிவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரசவத்துக்காக ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் போய்த் தங்கினார். மகன் பிறந்துவிட்டான் என்று வதந்தி கிளம்பி லண்டனில் கொண்டாட்டம் கூட நடந்தது. மாதங்கள் ஓடின, குழந்தை மட்டும் வரவே இல்லை. மன ஏக்கம் காரணமா, வயிற்றில் கட்டி ஏதும் இருந்ததா என்று இன்றும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சீரியலில் தலையணையை வைத்துக்கொண்டு கர்ப்பம் என்று ஏமாற்றுவார்களே, அது இந்த இரண்டிலும் சேராது. ஏமாற்றுபவருக்கு உண்மை தெரியும்.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

அவர் உண்மையிலேயே கர்ப்பமாக இருக்கிறாரா என்று பார்ப்பது. இதில் தயக்கமே வேண்டாம். மனநோய் உள்ள பெண் கர்ப்பம் என்று சொன்னதும் "இது அவளோட வியாதி" என்று எல்லாரும் முடிவுகட்டிவிடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கிற மிகப் பெரிய அநியாயம் என்பேன். மனநோய் உள்ளவர்களும் கருத்தரிப்பார்கள். திருமணம் ஆகாதவர், கணவரைப் பிரிந்திருப்பவர், வெளியே போகாதவர் என்ற காரணம் எதுவும் டெஸ்டைத் தவிர்க்கப் போதாது. யாராவது அவரிடம் தவறாக நடந்திருக்கலாம். அதைச் சொல்ல வார்த்தை இல்லாமல் கர்ப்பம் என்று மட்டும் அவர் சொல்லிக்கொண்டிருக்கலாம். டெஸ்டில் இல்லை என்று வந்தாலும், தனியாக உட்கார வைத்து, "உன்ன யாராவது தொந்தரவு பண்ணாங்களாம்மா?" என்று நம்பிக்கையான ஒரு பெண் கேட்பது அவசியம்.

டெஸ்ட் எப்படி என்றால், மாதவிலக்கு தள்ளிப்போன பிறகு காலை முதல் சிறுநீரில் கார்டு போட்டுப் பாருங்கள். இல்லை என்று வந்து, சந்தேகம் தீராவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கர்ப்பத்தில் சுரக்கும் எச்சிஜி ஹார்மோனை ரத்தத்தில் அளக்கும் பீட்டா எச்சிஜி பரிசோதனை இன்னும் துல்லியமானது. அதன்பின் ஒரு ஸ்கேன்.

கார்டில் இரண்டு கோடு விழுந்தாலும் நேரே சந்தோஷப்படவோ பதறவோ வேண்டாம். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (குழந்தைக்குப் பதில் நஞ்சுத் திசு கொத்துக்கொத்தாக வளர்வது), எச்சிஜி சுரக்கிற சில கட்டிகள், குழந்தையின்மைச் சிகிச்சைக்குப் போடும் எச்சிஜி ஊசி இவற்றாலும் கோடு விழும். மகப்பேறு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

முதலில் டெஸ்ட் என்று அவசரப்படுத்துவதற்கு மாத்திரையும் ஒரு காரணம். இருமுனை நோய்க்கும் வலிப்புக்கும் தரும் சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடுகிற பெண் உண்மையில் கர்ப்பமாகிவிட்டால், பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்து பேருக்குப் பெரிய உறுப்புக் குறைபாடு வரலாம், முதுகுத்தண்டு பாதிப்பும் அதில் சேரும். அறிவு வளர்ச்சிப் பாதிப்பு அதைவிட அதிகம். இந்த மாத்திரையில் இருப்பவர் கர்ப்பம் என்று சொன்னால் அன்றே டெஸ்ட், அன்றே மருத்துவருக்குப் போன்.

இதற்கு நேர் எதிராக, கர்ப்பமாக இருந்தும் இல்லை என்று சொல்வார்களா?

சொல்வார்கள். மனநோய் இல்லாதவர்களிடமும் அது நடக்கிறது. பெர்லினில் நடந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய 475 பிரசவத்துக்கு ஒருவர் 20 வாரம் வரை தான் கர்ப்பம் என்பதையே அறியாமலோ மறுத்தோ இருந்திருக்கிறார். அது தனிக் கதை. இங்கே சொல்வதற்குக் காரணம், பெண் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் முடிவெடுக்கக் கூடாது என்பதற்காக.

மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் நாள் தள்ளிப்போனது, மார்பில் பால் கசிகிறது, வயிறும் போட்டிருக்கிறது. அப்போ அவள் சொல்வதில் தப்பென்ன?

நல்ல கேள்வி. இந்தப் பக்கத்திலேயே கவனித்துப் படிக்க வேண்டிய பதில் இதுதான்.

மனநோய்க்குத் தரும் சில மாத்திரைகள் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும். பால் சுரக்கச் செய்கிற ஹார்மோன் அது. மூளையில் டோபமைன் அதை அடக்கி வைத்திருக்கிறது. மாத்திரை டோபமைனைத் தடுக்கும்போது அந்தப் பிடி தளர்ந்து புரோலாக்டின் ஏறுகிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 25 நானோகிராமுக்குள் இருக்கும். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு சாப்பிடுபவர்களுக்கு 100-ஐத் தாண்டுவதும் உண்டு. ஹாலோபெரிடாலும் ஏற்றும். அப்போது மாதவிலக்கு நிற்கும், மார்பு வீங்கி வலிக்கும், பால் கசியும். ஒலன்சபின் புரோலாக்டினை அவ்வளவாக ஏற்றாது, ஆனால் பசியைக் கிளப்பி எடையைக் கூட்டும். கை நடுக்கத்துக்குக் கூடவே தரும் மாத்திரையால் மலச்சிக்கல் வந்து வயிறு உப்பும்.

இத்தனையும் ஒரு பெண்ணின் உடம்பில் சேர்ந்து நடந்தால் அவர் வேறு என்ன நினைப்பார்? நாள் தள்ளுகிறது, பால் வருகிறது, வயிறு பெருக்கிறது, உள்ளே ஏதோ ஓடுகிறது. அந்த உணர்வுகள் ஒவ்வொன்றும் உண்மை. அதிலிருந்து மூளை எடுத்த முடிவுதான் தப்பு. "உனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா கற்பனை" என்று சொல்வது அதனால் நியாயமும் இல்லை, பலனும் இல்லை. "பால் வர்றது நிஜம்தான், மாத்திரைனால வருது, டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கலாம்" என்றால் குறைந்தபட்சம் அவர் காது கொடுப்பார்.

மருத்துவரிடம் புரோலாக்டின், தைராய்டு இரண்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும். அப்புறம், வேறு யாரிடமாவது வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வாந்திக்கும் கேஸுக்கும் மெடிக்கலில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் டோம்பெரிடோனும் லீவோசல்பிரைடும் இதே வேலையைச் செய்யும். மனநல மருத்துவருக்கு அது தெரியாமலே போய்விடும்.

நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறைப்பதோ, அரிப்பிப்ரசோல் போன்று புரோலாக்டினை ஏற்றாத மருந்துக்கு மாற்றுவதோ, அதைக் கூடச் சேர்ப்பதோ மருத்துவர் செய்வார். மாற்றும்போது இன்னொன்றையும் கேட்டு வையுங்கள். புரோலாக்டின் இறங்கினால் மாதவிலக்கு திரும்பும், கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடவே திரும்பும். கணவரோடு இருக்கும் பெண் என்றால் அதற்கான ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும்.

புரோலாக்டின் சரியாக இருந்தும் இந்த மருட்சி வருகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட முடியாது.

வயிறு பெரிதாக வேறு காரணம் இருக்குமா?

இருக்கும். கர்ப்பப்பைத் தசைக்கட்டி, சினைப்பை நீர்க்கட்டி, கல்லீரல் கோளாறால் வயிற்றில் நீர் கோப்பது, வயிற்றுக் காசநோய், சில சமயம் புற்றுநோய். மனநோயாளி என்பதாலேயே வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் அனுப்பிவிடுவது நடக்கக் கூடாது. முதல் ஸ்கேன் எடுக்கும்போதே வயிறு முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னென்ன நோய்களில் இது வருகிறது?

அதிகம் பார்ப்பது ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயில். இருமுனை நோயில் மனம் தலைகால் புரியாமல் பொங்கும் கட்டத்திலும், கடுமையான மனச்சோர்விலும் வரும். சோர்வில் வரும்போது சந்தோஷமான கர்ப்பமாக இருக்காது. வயிற்றில் செத்த குழந்தை கிடக்கிறது, அழுகுகிறது என்பார்கள், அது தற்கொலை வரை இழுத்துப்போகக் கூடியது. வலிப்பு, மூளைக் காயம், மூளைத் தொற்று, வயதானவர்களின் மறதி நோய் என்று மூளை சம்பந்தமான காரணங்களும் உண்டு. திடீரென்று, அதுவும் வயது கடந்த பிறகு முதல்முறையாக வந்தால், மூளையையும் பரிசோதிக்க வேண்டும்.

எங்க அம்மாவுக்கு அறுபது வயசாகுது, கர்ப்பப்பையையே எடுத்தாச்சு. அவங்க எப்படி இப்படிச் சொல்றாங்க?

கர்ப்பப்பை இல்லை என்ற தகவல் அந்த நம்பிக்கைக்கு ஒரு தடையே இல்லை. வயதும் தடையில்லை. வயதானவருக்குப் புதிதாக வந்தால் மறதி நோய் தொடங்குகிறதா, உப்புச்சத்து குறைந்திருக்கிறதா, சிறுநீர்த் தொற்றா, கேஸ் மாத்திரை மாதிரி புதிய மருந்து ஏதும் சேர்ந்ததா என்று பாருங்கள்.

ஆண்களுக்கு வருமா?

வரும், குறைவு. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவருக்கும் வாந்தி, வயிற்று வலி வருவது வேறு. அது நோய் இல்லை, தான் கர்ப்பம் என்று அவர் நம்புவதும் இல்லை. தன் வயிற்றிலேயே குழந்தை வளர்கிறது என்று ஆண் நம்பினால் பெண்ணுக்குச் செய்கிற அதே முழுப் பரிசோதனை, அதே சிகிச்சை. ஆண்களுக்கும் புரோலாக்டின் ஏறி மார்பு பெருக்கும், பால் கூட வரும். வெட்கத்தில் வெளியே சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து 2003-இல் மருத்துவர்கள் எழுதிய ஒரு விஷயம் இங்கே ஞாபகம் வருகிறது. நாய் கடித்தால் வயிற்றில் நாய்க்குட்டி வளரும் என்று அங்கே நம்பிக்கை. கடிபட்டவர்கள், ஆண்கள் உட்பட, குட்டி உள்ளே அசைவதாகச் சொல்லி நாட்டு வைத்தியரிடம் போயிருக்கிறார்கள். ஊரே நம்புகிற ஒன்றைத் தனியொருவரின் மருட்சி என்று சொல்லலாமா என்பது மருத்துவர்களுக்கே சிக்கலான கேள்வி. நாய்க்கடிக்கு வேண்டியது ரேபிஸ் தடுப்பூசி என்பதில் மட்டும் சிக்கல் ஒன்றும் இல்லை.

குழந்தை இல்லாத ஏக்கம்தான் காரணமா?

சிலருக்கு ஆமாம். கல்யாணம் ஆன மூன்றாம் மாதமே "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். கோயில் கோயிலாகப் போய் மரத்தில் தொட்டில் கட்டி, வளைகாப்பு வீடுகளில் ஓரமாக நின்று, அந்தக் கேள்விக்கு வருடக்கணக்கில் பதில் சொல்லிக் களைத்தவருக்கு மனநோய் வந்தால், நோய் எடுத்துக்கொள்ளும் உருவம் இதுவாக இருப்பதில் ஆச்சரியம் என்ன? கரு கலைந்தவர்கள், குழந்தையைப் பறிகொடுத்தவர்கள், நோயைக் காரணம் காட்டிக் குழந்தையை மாமியார் வீட்டார் பிடுங்கிக்கொண்டவர்கள், தனக்குச் சரியாகச் சொல்லாமலே குடும்பக் கட்டுப்பாடு செய்யப்பட்டவர்கள் ஆகியோரிடமும் இதைக் காணலாம்.

ஆனால் எல்லாருக்கும் இதே காரணம் தேடாதீர்கள். நான்கு பிள்ளை பெற்று, போதும் என்று இருப்பவருக்கும் வருகிறது. சிலருக்கு அந்தக் கர்ப்பம் பயங்கரம். பேய் தந்தது, எதிரி வைத்தது என்று நடுங்குவார்கள். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் குழந்தை என்னவாக இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். "பிறந்தா என்ன ஆகும்னு நினைக்கிற?" என்ற ஒரு கேள்விக்கு வரும் பதிலில் மருத்துவருக்கு நிறைய விவரம் கிடைக்கும். அவன் திரும்பி வருவான், மாமியார் என்னை மதிப்பாங்க, நான் தனியா இருக்க மாட்டேன் என்றெல்லாம் வரும்.

கல்யாணம் செய்து வைத்தால், அல்லது ஒரு குழந்தை பிறந்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. நோய் அப்படியே இருக்கும், இன்னொருவர் வாழ்க்கையும் அதில் மாட்டிக்கொள்ளும்.

வீட்டில் என்ன பேசுவது? ஒத்துக்கொள்வதா, மறுப்பதா?

இரண்டும் வேண்டாம். தினமும் வாதாடினால் அவர் உங்களையும் எதிரிகள் பட்டியலில் சேர்த்துவிடுவார், அப்புறம் மாத்திரையை யார் கொடுப்பது? ஒத்துப்போய்க் குழந்தைக்குத் துணி எடுத்தால் நம்பிக்கை இறுகும். மனம் ஆறட்டும் என்று வளைகாப்பே நடத்துகிற வீடுகளும் உண்டு. பாசம் புரிகிறது, ஆனால் பிறகு அந்தப் பெண் ஊர் முகத்தில் முழிக்க வேண்டும் அல்லவா?

நடுவழி இப்படி இருக்கும். அவர், "அம்மா, குழந்தை உதைக்குது, கை வச்சுப் பாரு" என்கிறார். "இல்லடி, கேஸ்" என்று வெட்டாதீர்கள். "ஆமாடி, என் பேரன்" என்றும் சொல்லாதீர்கள். "உனக்கு வயித்துல என்னமோ அசையுற மாதிரி இருக்குன்னு தெரியுது. எனக்கு அப்படித் தோணல. வலிக்குதா? ராத்திரி தூங்கினியா?" என்று கேட்டு, பேச்சை உணர்வின் பக்கம் திருப்புங்கள். உங்கள் கருத்தை ஒரு தடவை அமைதியாகச் சொன்னால் போதும். பயத்துக்கும் தூக்கத்துக்கும் வலிக்கும் ஆறுதல் சொல்வதில் பொய் எதுவும் இல்லை.

வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி பேச வேண்டும். அண்ணன் அதட்ட, அண்ணி சிரிக்க, அப்பா ஒத்துப்போக, ஆளுக்கொரு திசையில் போனால் அவருக்குத்தான் சிரமம். சின்னப் பிள்ளைகள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பத் திரும்ப ஸ்கேன் கேட்கிறாள். எடுத்துக் காட்டினால் தெளிவாளா?

ஒரு முறை ஒழுங்காக எடுங்கள். முடிந்தால் மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் முன்கூட்டியே பேசி, எடுக்கும்போதே திரையைக் காட்டி, "இது உன் கர்ப்பப்பை, இதுல குழந்தை இல்லம்மா" என்று நேராகச் சொல்ல வேண்டும். மருட்சி லேசாக ஆட்டம் காணும் கட்டத்தில் இது சிலருக்கு உதவும். கெட்டியாக இருக்கும்போது பத்து ஸ்கேன் எடுத்தாலும் காசுதான் போகும், நம்பிக்கை போகாது.

இதில் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஸ்கேன் சென்டர் சுவரெல்லாம் அந்தப் பலகை. மருத்துவர் கப்சிப் என்று எடுத்து முடித்து, "வெளியே இருங்க, ரிப்போர்ட் தர்றோம்" என்பார். கர்ப்பம் என்று நம்புகிற பெண் அந்த மௌனத்தை என்னவென்று எடுத்துக்கொள்வார்? "குழந்தை இருக்கு, மறைக்கிறாங்க." அதனால்தான் நேராகப் பேசும் மருத்துவரிடம் ஒரே ஒரு முறை என்கிறேன்.

கிராம சுகாதார செவிலியரிடம் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். என்ன செய்வது?

கடலூர் மாவட்டத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்குவது வழக்கம். முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்கும் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். செவிலியரிடம் நீங்களே போய் விஷயத்தை மெதுவாகச் சொல்லுங்கள். அவர் டெஸ்ட் எடுத்துப் பார்க்காமல் பதியக் கூடாது, திட்டியும் அனுப்பக் கூடாது. நல்ல செவிலியர் கிடைத்தால் அவரே உங்களுக்குப் பெரிய துணை. "குழந்தை நல்லா இருக்கணும்னா நீ நல்லா தூங்கணும்" என்று பொய் சொல்லி மாத்திரை கொடுக்க வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், பின்னால் மருத்துவரின் பேச்சுக்கே மதிப்பு போய்விடும்.

செய்வினை என்கிறார்கள். மந்திரிக்கலாமா?

கோயிலுக்கோ வில்லியனூர் மாதாவிடமோ போவதால் மனம் அமைதியாகும் என்றால் தாராளமாகப் போங்கள், மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். கூடாதவை சில உண்டு. கருவைக் கலைக்க என்று நாட்டு மருந்து கொடுப்பது, வயிற்றை அமுக்குவது, வேப்பிலையால் அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிப்போடுவது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

எப்போது பயப்பட வேண்டும்?

அவர் மனதில் குறித்து வைத்திருக்கும் பிரசவத் தேதி நெருங்கும்போது. அந்தத் தேதி எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை வெளியே எடுக்கிறேன் என்று கத்தியையோ பிளேடையோ தேடுவது, வயிற்றில் குத்திக்கொள்வது, குழந்தைக்காகச் சாப்பிடாமலே இருப்பது, "குழந்தை செத்துடுச்சு, நானும் போறேன்" என்பது, வேறு வீட்டுக் கைக்குழந்தையைத் தன்னுடையது என்று எடுக்கப் போவது. இதில் எது தெரிந்தாலும் அடுத்த ஓபி வரை காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அரளி விதை, பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகளை எல்லாம் எட்டாத இடத்தில் வையுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காத ஆபத்து இன்னொன்று. "குழந்தைக்கு ஆகாது" என்று மாத்திரையைத் துப்பிவிடுவார்கள். மருட்சியால் மாத்திரை நிற்கும், மாத்திரை நின்றதால் மருட்சி முற்றும். நாக்கடியில் கரையும் மாத்திரை, மாதம் ஒரு முறை போடும் ஊசி என்று வழிகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள்.

எங்கே காட்டுவது?

புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மர், ஊருக்குள் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை. மகப்பேறு மருத்துவர் பார்க்க வேண்டுமென்றால் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மகளிர் குழந்தைகள் மருத்துவமனை. ஜிப்மரில் இரண்டு துறையும் ஒரே வளாகம் என்பது வசதி, கூட்டமும் அதற்கேற்ப இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் பக்கம் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் சுற்றுவட்டாரத்துக்கு அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நேரில் போகுமுன் பேசிப் பார்க்க டெலி மானஸ் எண் 14416. இலவசம், இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

மனநல டாக்டர் என்றாலே வர மறுக்கிறார் என்றால் மகப்பேறு மருத்துவரிடமிருந்தே தொடங்குங்கள். வயிற்றுக்காக அவர் சந்தோஷமாக வருவார். அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லலாம், இதில் ஏமாற்று ஏதும் இல்லை. சேர்த்தே ஆக வேண்டிய நிலையில், அவர் சம்மதிக்க முடியாவிட்டாலும், சட்டப்படி நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் முடிவெடுக்க உரிமை உள்ளவர்) கேட்டுக்கொண்டால் மருத்துவர்கள் பரிசோதித்து 30 நாள் வரை சேர்க்கலாம்.

சிகிச்சைக்கு எவ்வளவு நாள் ஆகும்?

அடிப்படை நோய்க்கான சிகிச்சைதான் இதற்கும். தூக்கமும் படபடப்பும் சில நாட்களில் சரியாகும். நம்பிக்கை அப்படிச் சட்டென்று விலகாது. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். முதலில் அதைப் பற்றிப் பேசுவது குறையும், பிறகு "இருக்கோ என்னமோ" என்பார், பிறகு ஒரு நாள் "அப்படி நெனச்சேன்" என்பார். மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால் குளோசபினும் மின்சிகிச்சையும் உண்டு. மின்சிகிச்சை மயக்க மருந்து கொடுத்துத்தான் தர வேண்டும் என்பது சட்டம்.

நம்பிக்கை விலகிய பிறகு வீட்டார் பெருமூச்சு விடும் நேரத்தில் அவர் அழுதுகொண்டிருப்பார். ஆறேழு மாதம் சுமந்து பேர் வைத்த குழந்தை இல்லை என்று ஆகிவிட்டது. நமக்கு அது இல்லாத குழந்தை, அவருக்கு அது போய்விட்ட குழந்தை. கூடவே வெட்கம் வேறு. "அப்பவே சொன்னோமில்ல" என்ற வாக்கியத்தை வாயில் வர விடாதீர்கள். அழ விடுங்கள். இந்த வாரங்களில்தான் தற்கொலை எண்ணம் வரலாம் என்பதால் தனியாக விடாதீர்கள், கவுன்சலிங் கேட்டு வாங்குங்கள்.

குணமான பிறகு நிஜமாகவே குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பெரும்பாலோர் பெற்றுக்கொள்ளலாம். திட்டம் போட்டு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு. வால்ப்ரோயேட் இருந்தால் முன்னாடியே மாற்ற வேண்டும், ஃபோலிக் ஆசிட் முன்னாடியே தொடங்க வேண்டும், மற்ற மாத்திரைகளில் எதைத் தொடரலாம் என்று மருத்துவர் சொல்வார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கருத்தரிப்பதுதான் பாதுகாப்பு என்பது தப்பான யோசனை. இருமுனை நோய் உள்ளவர்களுக்குப் பிரசவம் ஆன முதல் சில வாரங்களில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால், ராத்திரித் தூக்கத்துக்கு யார் துணை இருப்பது என்று எட்டாம் மாதத்திலேயே பேசி வையுங்கள். நாள் தள்ளியிருக்கிறது என்று அவர் மறுபடி ஒரு நாள் சொன்னால், பழசை நினைத்து முகத்தைச் சுளிக்காமல் கார்டு வாங்கி வந்து கொடுங்கள்.